மூக்கால் மார்க் போட்ட டெக்ஸாஸ் கடைகள்

போன மாதம் என் தங்கை மகன் சென்னையில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. சுவரில் குதிரைச் சேணம், பக்கத்திலேயே ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரம். எங்கள் பக்கத்தில் அதை விறகுக்குப் போட்டுவிட்டார்கள். இங்கே அதற்கு விளக்குப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தொப்பி வைத்த பையன் மெனுவை நீட்டினான்.

"பதினாலு மணி நேரம் புகையிலயே வேக வச்சதாம் மாமா. டெக்ஸாஸ் ஸ்டைல். இதெல்லாம் உங்களுக்குப் புதுசுல்ல?" என்றான் மருமகன்.

"அஞ்சு கடை பாத்திருக்கேன்டா" என்றேன்.

அவன் சிரித்தான். நான் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா விசா குத்தியவன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பிறகு கேட்டான், "சரி, நீங்க ஏன் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலப் பாத்த சேர்லயே உக்காருறீங்க?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஓட்டல் மேசையில் வைத்துச் சொல்ல முடியாத அளவுக்கு நீளமானது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. நான்தான் முடித்தேன், வாத்தியார்கள் மேல் குற்றமில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்கு நான்கு வருடம் போனேன். விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை மூச்சுத் திணற விடுவது. அப்புறம் சவூதியில், யான்புவில் எண்ணெய் ஆலைக்குச் சாரக்குழாய் தூக்கினேன். மஸ்கட்டில், ரூவியில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவினேன். கடைசியாக அபுதாபி, முசஃபா. எந்த இடத்திலும் என்னை யாரும் விரட்டவில்லை. கடல் தாண்டியதிலிருந்து ஒரு இடத்தில் வருடம் ஒன்று ஆனால் எனக்குக் கால் அரிக்கும். அது ஒரு வியாதி. ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

முசஃபாவில் இரும்புக் கேட் செய்யும் கம்பெனி. பதினோரு மாதம் ஒரே அளவுக் கம்பியை வெட்டினேன். ஒரு புதன்கிழமை மதியம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம். விசா கம்பெனி விசா. வேறு எங்கே வேலை செய்தாலும் குற்றம். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: கல்லிவல்லி. யாருக்கும் சொந்தமில்லாதவன். அடையாள அட்டையை, பத்தாக்கா என்போம், யாராவது கேட்டுவிட்டால் அன்றோடு சரி.

அசன் காக்கா கீழக்கரைக்காரர். முசஃபாவில் கார்ப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு டீக்கடை, புரோட்டாக்கடை வைத்திருந்தார். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரே மாவட்டத்துக்காரன் என்று என்னை அடுப்படிக்குள் சேர்த்துக்கொண்டார். முன்பக்கம் வராதே என்பது மட்டும்தான் நிபந்தனை.

வராமல் இருந்து என்ன? ஒருநாள் என் பழைய கம்பெனி மேனேஜரே கொல்லைப்பக்கம் வந்து நின்றார். திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எடோ, ஞான் உன்னெ கண்டில்ல. ஈ மாசம் தீருற வரைக்கும் கண்டில்ல. அதுக்குள்ள ஆராவது விசா தந்தா ரிலீஸ் பேப்பர் ஒப்பிட்டுத் தரும். இல்லெங்கில் ஆள் ஓடிப்போயின்னு போலீஸில் எழுதிக் கொடுக்கணும். எனக்கும் மேல ஆளுண்டு."

அன்று தேதி நான்கு. ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டால் அப்புறம் சிறை, விமானம், திரும்ப வரத் தடை. காக்காவிடம் சொன்னேன்.

"விசா என்ன புரோட்டாவாடா, சுட்டுப் போட?" என்றார். "இந்தக் கடைக்கு இதுக்கு மேல ஆளு தேவையில்லன்னு லேபர் ஆபீஸ்ல ஏற்கெனவே சொல்லிட்டானுவ. புதுசா ஒரு பெரிய வேல கெடச்சிருக்குன்னு லெட்டர் காட்டணும்."

அந்தப் பெரிய வேலை அடுத்த வாரமே வந்தது, ராய் என்கிற டெக்ஸாஸ்காரர் வடிவில். எண்ணெய்க் கிணறு தோண்டும் அமெரிக்கக் கம்பெனியில் குடியிருப்புப் பொறுப்பு அவருக்கு. பக்கத்துப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் காக்கா கடையில் ஆட்டுக்கறிச் சுக்கா சாப்பிட்டார். மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக இரண்டாவது தட்டும் வாங்கினார். பிறகு கேட்டார்: எங்கள் ஊர் மாதிரி பிரிஸ்கெட் செய்வீர்களா? வெள்ளிக்கிழமைதோறும் அறுபது பேருக்குச் சாப்பாடு வேண்டும். காக்கா "யெஸ் சார், நோ பிராப்ளம்" என்றார். ராய் வண்டி கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பி, "அது என்னடா சாமான்?" என்றார்.

மாட்டின் நெஞ்சுக்கறி. முழுதாக, எலும்பில்லாமல், விறகுப் புகையில் ஒரு நாள் முழுக்க வேக வைப்பது. இவ்வளவும் ராயின் டிரைவரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மாதக் கடைசி வெள்ளி ருசி பார்க்க வருவதாக ராய் சொல்லியிருந்தார். அதற்குள் ஊரில் இருக்கிற டெக்ஸாஸ் கடைகளையெல்லாம் பார்த்துவிடலாம் என்று காக்கா முடிவு செய்தார். நான் இல்லாமல் போக மாட்டேன் என்றார். முசஃபாவை விட்டு வெளியே போவது என்றால் ரோடு, சிக்னல், போலீஸ் வண்டி. காக்காவின் பிக்கப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெள்ளை ஜீப்புக்கும் நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிவேன்.

"குனியாதடா. குனிஞ்சாத்தான் சந்தேகப்படுவான். நேரா உக்காந்து பல்ல நோண்டு."

பல்லை நோண்டிக்கொண்டே துபாய் வரை போனவன் நான்.

முதல் கடை அபுதாபியில் ஒரு பெரிய ஓட்டலுக்குள். தொப்பி வைத்த பிலிப்பைன்ஸ் பெண் கதவைத் திறந்துவிட்டாள். தட்டு வந்தது. காக்கா கத்தியை எடுத்தவர், நிறுத்தி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பன்றி உண்டா?" என்று கேட்டார். உண்டு, அதே அடுப்பில்தான், ரொம்ப நன்றாக இருக்கும், கொண்டுவரட்டுமா என்றாள். காக்கா கத்தியை வைத்துவிட்டார்.

"நீ தின்னுடா. தின்னுட்டுச் சொல்லு."

"காக்கா, நான் மாடு திங்க மாட்டேன்."

"என்னடா சொல்ற?"

நான் ஆடு, கோழி, முயல், காடை எல்லாம் தின்பேன். மாடு எங்கள் வீட்டில் பழக்கமில்லை. பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. தொண்டைக்குள் இறங்காது, அவ்வளவுதான். அவருக்கோ அந்த அடுப்பில் வெந்தது ஆகாது. தட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் வந்து ஏதாவது குறையா என்று கேட்டாள். வெரி குட், வெரி குட் என்றோம்.

"ருசி பாக்க வந்த ரெண்டு பயலுவளுக்கும் சேத்து ஒரு நாக்கு இல்ல" என்றார் காக்கா வண்டியில் ஏறியதும். "நீ மோந்தாச்சும் பாத்தியா?"

பார்த்திருந்தேன். அது கேஸ் அடுப்பு. புகை பாட்டிலில் இருந்து வந்த புகை. கரிமூட்டத்தில் நான்கு வருடம் நின்றவனுக்கு அதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை. காக்கா மகிழ்ந்துபோய்விட்டார். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. ஹலால் கடையென்றால் அவர் தின்பார். எல்லாக் கடையிலும் நான் மோப்பேன். நூற்றுக்கு மார்க். அவர் தாராளமாகப் போடுவார். நான் எட்டாம் வகுப்பில் எனக்குப் போட்டதையே எல்லோருக்கும் போட்டேன்.

இரண்டாவது, துபாயில் ஒரு பெரிய கடைவளாகத்தில். காக்கா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "எங்க வூட்டு உப்புக்கண்டத்துல ஜீனிப்பாகை ஊத்துன மாதிரி இருக்கு" என்றார். நான் எங்கே மோந்தேன்? வாசலில் நின்ற இரண்டு காவலாளிகளின் கையிலிருந்த ஒயர்லெஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்கு மட்டும் நான் மார்க் போடவில்லை.

மூன்றாவது கடை ஆடம்பரமில்லாத இடம். துபாய்க்கு வெளியே, டயர்க் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவில் தகரக் கொட்டகை மாதிரி இருந்தது. கல்ஃபில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று ராயே சொல்லியிருந்தார். பிக்கப்பை விட்டு இறங்கினேன். காற்று என் பக்கம் வீசியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

முதுகுளத்தூர்ப் புகை. இனிப்பும் காரமும் கலந்து, தொண்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். காக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதன் முன்னால் கறுத்து ஒல்லியாக ஒருவர். சுவரோரம் மூட்டை மூட்டையாக விறகு. மூட்டையின் மேல் ஆங்கிலம்.

"என்ன அண்ணை, விறகைக் கண்டு மலைச்சுப்போய் நிக்கிறியள்?" என்றார். தமிழ் காதில் விழுந்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பருத்தித்துறைக்காரர். ரத்தினம் என்று பெயர் சொன்னார்.

"இது எங்கூரு சீமக்கருவண்ணே" என்றேன்.

"இது அமெரிக்காவில இருந்து கப்பலில வாறது."

"எங்க இருந்து வந்தாலும் இது அதுதான்." ஒரு சிராயை உடைத்து மோந்து காட்டினேன். அவர் சிரித்து, ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "கொண்டுபோங்கோ. ஆனால் பச்சையா எரிக்கப்படாது, கைச்சுப்போகும். நெருப்புப் பெரிசாகவும் கூடாது. புகை வெள்ளையா வந்தாப் பிழை. கண்ணுக்குத் தெரியாத நீலமா வரவேணும்."

அப்போதுதான் திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியே முன்பக்க ஜன்னலைப் பார்த்தேன். வெள்ளை ஜீப். கோப்பு வைத்த இரண்டு பேர் இறங்கினார்கள். தொழிலாளர் துறைக்காரர்கள்.

"அண்ணே, எனக்குப் பேப்பர் இல்லண்ணே."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பதற்றமே இல்லை. "அந்தத் தகரத்தைத் தள்ளினால் பின் ரோட்டு. ஓடாதேங்கோ, நடவுங்கோ" என்றார்.

நடந்தேன். ஒரு கிலோமீட்டர் திரும்பிப் பார்க்காமல் நடந்து ஒரு பள்ளிவாசல் நிழலில் நின்றேன். அரைமணி கழித்துக் காக்கா தேடி வந்தார். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே கடைய மூடப்போறோம்னு எங்கள வெளிய அனுப்பிட்டானுவ. ஆனா டேய், கறி! நூத்துக்கு நூறுடா!" என்றார். என் பையில் அந்த விறகுத்துண்டு இருந்தது.

அடுத்த இரண்டு கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காக்காவே இருபது மார்க்தான் போட்டார்.

இனி வேண்டியது விறகு. அமெரிக்க மூட்டை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் மஸ்கட்டிலிருந்து ரோடு வழியாக வந்தபோது, ராஸ் அல் கைமா பக்கம் பொட்டல்களில் அந்த மரத்தை நான் கண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் போனோம். ஒரு பாழடைந்த பேரீச்சந்தோப்பின் ஓரத்தில், யாரோ இயந்திரம் விட்டுப் பிடுங்கிப் போட்டுக் காய்ந்து கிடந்தது. எனக்கு அள்ளிக்கொண்டே இருக்கத் தோன்றியது. பிக்கப் பாதி நிறைந்தபோது ஒரு லேண்ட்குரூசர் வந்து குறுக்கே நின்றது. வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபி இறங்கினார். வண்டிக்குள் கையை விட்டு ஒரு கொம்பை இழுத்து எடுத்தார். முகம் சிவந்துவிட்டது.

"காஃப்! ஹாதா காஃப்!" என்று கத்தினார். காஃப் அவர்கள் கொண்டாடும் மரம். வெட்டினால் தண்டனை. அடுத்து என் பக்கம் கையை நீட்டி, "பத்தாக்கா?" என்றார்.

கொம்பைப் பார்த்தேன். வன்னி. எங்கள் சிவன் கோயிலில் நிற்கும் அதே வன்னி. காய்ந்து விழுந்தது, சருகோடு சருகாக அள்ளியதில் வந்துவிட்டது. பயத்தில் எனக்குப் பேச்சு தானாகக் கிளம்பியது. காக்கா அரபியில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மரம் எங்களுக்குச் சாமி மரம், நாங்கள் சுற்றி வந்து கும்பிடுவோம், வெட்ட மாட்டோம். நாங்கள் எடுக்க வந்தது இந்தச் சீமைக்கருவையை. முள்ளைப் பாருங்கள், இரட்டை இரட்டையாக இருக்கும். இது கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிடும், அடியில் புல் முளைக்காது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், எங்கள் ஊரையே தின்றுவிட்டது.

அந்த மனிதர் கடைசி வாக்கியத்தில் கையைக் கீழே போட்டார். தோப்பைத் திரும்பிப் பார்த்தார். அது அவருடைய தோப்பு. கிணறு வற்றியது இந்த மரத்தால்தான் என்று அவர் காக்காவிடம் ஒரு மூச்சு புலம்பினார். பிறகு வன்னிக்கொம்பை மட்டும் எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "மற்றதெல்லாம் கொண்டு போ, வேரோடு கொண்டு போ, நாளைக்கும் வா" என்றார். பேரீச்சம்பழமும், காவா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்தார். பத்தாக்காவை அவர் மறந்துபோயிருந்தார். நான் மறக்கவில்லை.

பக்கத்துப் பட்டறையில் இரண்டு இரும்புப் பீப்பாயை வெட்டி ஒட்டி அடுப்புச் செய்திருந்தோம். வியாழன் மதியம் மூட்டிய நெருப்பை வெள்ளி மதியம் வரை நான் விட்டு நகரவில்லை. புகை வெள்ளையாக வந்தபோதெல்லாம் ஒரு கட்டையை வெளியே இழுத்துப் போட்டேன். காக்கா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடைசியில் புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று நின்றது. மேலே சுழல்விளக்கு.

நான் கொல்லைச் சுவரைத் தாண்டிவிட்டேன். பின்னால் உடைந்த பேருந்துகள் போட்டிருக்கும் இடம். இரண்டு பேருந்துக்கு நடுவில் உட்கார்ந்து, வெந்துகொண்டிருக்கிற கறியையும் இருபத்தைந்தாம் தேதியையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். காக்காவின் குரல் கேட்டது.

"டேய், வெளிய வாடா! போலீஸ் இல்லடா, டெக்ஸாஸுடா!"

அது ராய் குடியிருப்பின் காவல் வண்டி. அவர் வண்டி மறுபடியும் பட்டறைக்குப் போயிருந்ததால் இதில் வந்திருக்கிறார். ராய் கையில் தட்டோடு, பழைய டயர்களைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தார். வாயெல்லாம் எண்ணெய். இந்தக் கறியைப் போட்டவனைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று சொன்னாராம். கையை நீட்டினார். கரியாக இருந்த என் கையை இடுப்பில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். என்ன விறகு என்று கேட்டார். "சேம் ட்ரீ சார். மை வில்லேஜ் ஆல்சோ. பேட் ட்ரீ" என்றேன். அவர் உரக்கச் சிரித்து என்னவோ நீளமாகச் சொன்னார்.

"அவரு வாப்பாவும் இந்த மரத்தப் புடுங்கப் புடுங்கியே கெழவனானாராம்" என்றார் காக்கா.

ஞாயிற்றுக்கிழமை ராயின் கடிதம் வந்தது. அதைக் காட்டிக் காக்கா என் பெயருக்கு விசா ஒப்புதல் வாங்கினார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் ரிலீஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். "இப்ப ஞான் உன்னெ கண்டு" என்றார்.

இரண்டு வருடத்துக்கு மேல் வெள்ளிதோறும் அறுபது பேருக்குக் கறி போட்டேன். ஒரு துண்டும் தின்றதில்லை. எனக்கே ஆச்சரியம், கல்ஃபில் ஒரே வேலையில் அவ்வளவு நாள் கால் அரிக்காமல் இருந்தேன். பிறகு உலகமெல்லாம் தொழில் படுத்த வருடம் வந்தது. ராயின் கம்பெனி சில வாரங்களில் காலி. காக்கா கீழக்கரைக்கே போய்ச் சேர்ந்தார். எங்கள் கடை வரிசையை ரோட்டுக்காக இடித்தார்கள். ஓட்டலுக்குள் இருந்த டெக்ஸாஸ் கடை இப்போது சீனச் சாப்பாடு விற்கிறதாம். மற்றவையும் இல்லை என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

அந்தத் தகரக் கொட்டகை மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்பே போய்விட்டது. புது பத்தாக்கா கைக்கு வந்த வாரம், ரத்தினத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று பஸ் ஏறிப் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்து டயர்க்கடைப் பாகிஸ்தானிதான் சொன்னான். அன்று சோதனைக்கு வந்தார்களே, அன்றே மூடியதுதான். சமையல்காரனிடம் பேப்பர் இல்லை.

"ஓடலியா பாய்?" என்று இந்தியில் கேட்டேன்.

இல்லை என்றான். அவர்கள் உள்ளே வந்தபோது ரத்தினம் அடுப்பின் முன்னால்தான் நின்றிருக்கிறார். கறி இன்னும் இறக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டாராம். அவர்களும் உட்கார்ந்திருந்தார்களாம். இறக்கி, துணி சுற்றி, அடுப்பின் வாயை மூடி, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாராம்.

அந்த வருடங்களில் இலங்கையில், அவர் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவரை எங்கே ஏற்றி அனுப்பினார்கள் என்று கேட்டேன். டயர்க்கடைக்காரனுக்குத் தெரியவில்லை. நான் தகரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அடுப்பை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடம் மட்டும் தரையில் நீளமாகக் கறுத்திருந்தது. அதன் மேலும் மணல் ஏறிக்கொண்டிருந்தது.